தம்பியின் எச்சிலும் என் சர்க்கரையும்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைவிட ஒரு கொட்டாவி நேரம் முன்னால் பிறந்த அண்ணன் எழுதுவது. கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். நான் நலமில்லை. நீயும் நலமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை எழுதி மையை வீணாக்கவில்லை. உன் மனைவி, பிள்ளைகள், பேக்கரி, பேக்கரி அடுப்பு, அடுப்பைவிடச் சூடான உன் கோபம் எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாம் என்றால் என் எண்ணைப் பார்த்ததும் நீ எடுப்பதில்லை. கடிதத்தை அப்படி விட முடியாது. தபால்காரர் நீட்டினால் வாங்கித்தான் ஆகவேண்டும், வாங்கிவிட்டால் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. எனக்கு வந்த கடிதங்களையே நீதானே முதலில் பிரிப்பாய்.

எனக்குச் சர்க்கரை இருப்பது எப்படித் தெரியவந்தது என்ற கதையை நீ இன்னும் முழுதாகக் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே "கேக் கருகுது" என்று போனை வைத்துவிடுவாய். இப்போது கேள். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிறது என்று அதன் சங்கச் செயலாளர் மூன்று முறை புகார் கொடுத்திருந்தார். நான் போய்ப் பார்த்து, தேய்ந்திருந்ததை மாற்றி, மேலே மெஷின் அறையைப் பூட்டிவிட்டு, கூட வந்த ஃபிட்டரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, செயலாளரை லிஃப்டுக்குள் அழைத்துக்கொண்டு போய், "இனிமே இது நிக்கவே நிக்காது சார்" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். அது நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே நான், செயலாளர், வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் ஓர் அம்மாள், ஆக மூன்று பேர். வெளியில் இருந்து காப்பாற்ற வேண்டிய ஆள் நான்தான். நான் உள்ளே இருந்தேன். ஃபிட்டரோ டீக்கடையில் போனை மேசைமேல் வைத்துவிட்டு யாருடனோ அரசியல் பேசிக்கொண்டிருந்தானாம். நான் என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தேன். பிறகு கொஞ்சமும் வெட்கமில்லாமல் செயலாளரின் பாட்டிலையும் வாங்கிக் காலி செய்தேன். அதன் பிறகு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஒரு காலை மாற்றி ஒரு கால், ஒரு காலை மாற்றி ஒரு கால் என்று நான் நின்ற நிலையைப் பார்த்து, ரத்தம் எடுக்கும் அம்மாள் கேட்டார்:

"என்ன சார், இப்படித் தண்ணி குடிக்கிறீங்க?"

"வேலை அப்படிம்மா. உடம்புச் சூடு."

"வேலை செய்றவங்க எல்லாரும்தான் தண்ணி குடிக்கிறாங்க. அடுத்தவங்க பாட்டிலைப் பிடுங்கிக் குடிக்க மாட்டாங்க. தூக்கத்துல அடிக்கடி எழுந்து போறீங்களா?"

"போறேன். வயசாச்சுல்ல?"

"கண்ணு மங்கலா இருக்கா?"

"கண்ணாடி பழசும்மா."

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கீங்க. இங்கேயே விரலை நீட்டுங்க, பார்த்துடலாம்."

செயலாளர் அப்போது சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "முதல்ல வெளியே போக வழி பண்ணுங்க. லிஃப்டைத்தான் ஓட வைக்க முடியல, மத்ததையாவது நிறுத்தி வைங்க" என்றார். ஒருவழியாக ஃபிட்டர் வந்து எங்களை ஐந்தாவது மாடியில் இறக்கினான். நான் செயலாளரின் வீட்டுக்குள் அவருக்கு முன்னால் நுழைந்து, வழி கேட்காமலே கழிவறையைக் கண்டுபிடித்தேன். வெளியே வந்தபோது அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்து சின்ன மெஷினைத் தயாராக வைத்திருந்தார். விரலில் ஒரு குத்து. எறும்பு கடித்ததுபோலக்கூட இல்லை. ஊசி என்றாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற உனக்காக இதைச் சொல்கிறேன். மெஷின் முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. "மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்றேன். "உங்க மெஷின்தான் சார் கெட்டுப்போகும்" என்றார். செயலாளர் தலையை ஆட்டி அதை ஆமோதித்தார்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் அழுவாள், நான் தேற்ற வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கா? ஆளைச் சரியாப் பார்த்துத்தான் சொன்னாங்களா?" என்று கேட்டாள். பிறகு நியாயம் பேச ஆரம்பித்தாள். "மாடி மாடியா ஏறி இறங்குற உடம்பு. எலும்புல சட்டையை மாட்டின மாதிரி இருக்கீங்க. டீக்குக்கூட அரைச் சர்க்கரை. உங்க தம்பி நாள் முழுக்கக் கையில க்ரீமை வழிச்சு ருசி பார்த்துக்கிட்டே இருக்கார். கதவுல நுழையும்போது முதல்ல வயிறு வருது, பின்னாலதான் அவர் வர்றார். இந்த வியாதிக்குக் கண்ணு இல்லையா?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. யோசித்துப் பார். நீ உடைத்த ஜன்னலுக்கு வாத்தியார் என் காதைத் திருகினார். நீ சைக்கிளில் இடித்துவிட்டு ஓடிய ஆள் என்னைத் தெருத்தெருவாகத் துரத்தினார். உன் சிநேகிதர்கள் நடுரோட்டில் என் முதுகில் அறைந்து "எப்படிடா இப்படி இளைச்சே?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அம்மா நம் இருவரையும் பார்த்து, ஒரே அச்சில் வார்த்த இரண்டு சோப்புக்கட்டிகள் என்பாளே, அந்த அச்சின் பலனை முழுக்க அனுபவித்தவன் நான். இந்த வியாதியும் உன்னைத் தேடி வந்து, ஆள் தெரியாமல் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது என்று முடிவு செய்தேன். உடனே உனக்குப் போன் போட்டு, "நீ தின்ன கேக்கெல்லாம் என் ரத்தத்துல வந்து சேர்ந்திருக்குடா" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். அடுப்பில் எதையோ எடுக்கப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர் அம்மா. வைத்தியமும் பார்க்கிறார், இந்த வியாதி பரம்பரையில் எப்படி வருகிறது என்று ஆராய்ச்சியும் செய்கிறார். "அப்பாவுக்கு சர்க்கரை இருந்துச்சா?" என்றார். "இல்லைங்க. டெஸ்டே எடுத்ததில்லை" என்றேன். "டெஸ்ட் எடுக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்றார். அப்போதுதான் அப்பா கடைசிக் காலத்தில் எங்கே போனாலும் கையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு திரிந்தது நினைவுக்கு வந்தது. பக்தி என்று நாம் நினைத்தோம், தாகமாக இருந்திருக்கிறது. "கூடப் பிறந்தவங்க?" என்றார். "ஒரே தம்பி. இரட்டைப் பிள்ளைங்க நாங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒரே முட்டையா, ரெண்டு முட்டையா?"

"டாக்டர், எங்கம்மா மனுஷி."

அவர் சிரித்து முடித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர் என்றால் மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்குமாம். தனித்தனி முட்டை என்றால் வேறு வேறாம். "எழுத்துன்னா?" என்று கேட்டேன். "மரபணுவை ஒரு பெரிய புத்தகம்னு வச்சுக்குங்க. எல்லார்கிட்டயும் அதே புத்தகம்தான். ஆனா ஆளுக்கு ஆள் அங்கங்க ஒரு எழுத்து மாறியிருக்கும். முக்கால்வாசி மாற்றத்தால ஒண்ணும் ஆகாது. சிலது மூக்கை நீட்டிவிடும். சிலது, சாப்பிட்டவுடனே கணையம் சுரக்கவேண்டிய இன்சுலினைக் கொஞ்சம் குறைச்சிடும். சிலது, சுரந்ததை உடம்பு சரியா எடுத்துக்க விடாது. பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரைக்கு இந்த மாதிரி நூத்துக்கணக்கான இடம் இருக்கு. எந்த ஒண்ணும் தனியா வியாதியைக் கொண்டுவராது. ஒவ்வொண்ணும் ஒரு சிட்டிகை. பல சிட்டிகை ஒரே ஆள்கிட்ட வந்து சேர்ந்தா, ஒல்லியா இருந்தாலும் தப்பிக்கிறது கஷ்டம்."

எனக்கு இதை என் பாஷையில் சொல்லிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். "லிஃப்டைத் தூக்குற கம்பிவடம் இருக்குல்ல டாக்டர், அது பல இழையை முறுக்கினது. ஒரு இழை அறுந்தா ஒண்ணும் ஆகாது. நாலஞ்சு பலவீனமா இருந்தாலும் ஓடும். அதிக பாரம் ஏத்தினா நல்ல வடமும் சீக்கிரம் தேஞ்சுபோகும். நிறைய இழை முதல்லயே பலவீனமா வந்திருந்தா, சாதாரண பாரத்துக்கே தேஞ்சுபோகும். எனக்கு வந்தது இரண்டாவது ரகம்ங்கிறீங்க." டாக்டர் அம்மா அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "வடத்தை நம்மால மாத்த முடியாது. பாரத்தைக் குறைக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். நாம் ஒரே அச்சு என்று நான் அடித்துச் சொன்னதும், உன்னைப் பற்றி ஆசை ஆசையாகக் கேட்டார். ஒரே முட்டை இரட்டையர், ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு, ஒல்லிக்கு வியாதி, குண்டுக்கு இல்லை. இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கை நிறையப் புதையலாம். இருவரின் எச்சிலும் வேண்டும், செலவு அவர்களுடையது என்றார்.

ரத்தம் இல்லை, எச்சில்தான் என்றதும் நீ சம்மதித்தாய். அதற்குப் பின் நடந்ததை ஆஸ்பத்திரியே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. துப்புவதற்கு அரைமணி முன்னால் எதையும் தின்னக்கூடாது என்று, எச்சிலைப் பிடிக்க அனுப்பிய குழாயோடு வந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதல் குழாய் வந்ததும் டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்க தம்பி எச்சில்ல கேக் துகள் மிதக்குது" என்றார். இரண்டாவது குழாயில் க்ரீம். மூன்றாவது முறை உன் மனைவி உன்னைக் குளியலறையில் விட்டு வெளியே தாழ்போட்டுவிட்டுக் காவல் இருந்தாளாமே. பற்பசையைத் தின்றுவிடாதே என்று கதவு வழியாகக் கத்தினாளாமே. அந்தக் குழாய்தான் தேறியது. முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அதற்குள் டாக்டர் அம்மா சொன்ன இன்னொரு விஷயத்தை உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே முட்டை இரட்டையரில் ஒருவருக்கு இந்த வியாதி வந்தால், மற்றவருக்கும் வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பாம். இன்றைக்கு வரவில்லை என்றாலும் நாளைக்கு. எச்சில் எதிர்காலத்தை ஊகித்துச் சொல்லுமே தவிர, இன்றைக்கு ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்று சொல்லாது. அதற்கு விரலைக் குத்தித்தான் ஆகவேண்டும். இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "எச்சிலைக் கேட்டே, கொடுத்தேன். இப்ப ரத்தம் கேட்கிறே. அடுத்து கிட்னியைக் கேட்பே. உன் வியாதியை என் தலையில கட்டாதே!" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை.

நானும் வீம்பாக இருந்திருப்பேன். போன வாரம் உன் மனைவி பேசினாள். அடுப்பிலிருந்து எடுத்த தட்டு உன் கால்மேல் விழுந்ததாம். சுட்டது உனக்குத் தெரியவே இல்லையாம். வேலை முடிந்து காலுறையைக் கழற்றும்போது அது பெருவிரலோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். மாதமாகப் போகிறது, புண் ஆறவில்லை என்றாள். "கேட்டா, சூட்டுல நிக்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம்னு சொல்றார் அத்தான். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி, நான் இத்தனை வருடம் பார்த்த தொழிலில் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன். கிரீச்சென்று சத்தம் போடுகிற லிஃப்டுக்கு நான் பயந்ததில்லை, சத்தம் கேட்டால் யாராவது ஆளைக் கூப்பிடுவார்கள். "நல்லாத்தான் ஓடுது, பார்க்க வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிற கட்டடத்துக்குத்தான் பயம். சுட்டால் கத்த வேண்டிய கால் கத்தவில்லை என்றால் அது நல்ல கால் இல்லையடா. உனக்கும் எனக்கும் ஒரே அச்சு, ஒரே புத்தகம், எழுத்துக்கு எழுத்து ஒரே வடம். என் ரத்தத்தில் இருப்பது உன் ரத்தத்தில் இல்லாமல் எப்படிப் போகும்? நீ என்னிடமிருந்து தப்பித்துப் போனை வைக்கலாம், உன் உடம்பும் என் உடம்பும் ஒன்றுதான் என்பதிலிருந்து தப்பிக்க முடியாது. எனக்காக வேண்டாம், உனக்காகவும் வேண்டாம். குளியலறை வாசலில் காவல் நின்றாளே, அவளுக்காகப் போய் விரலை நீட்டு. புண்ணையும் காட்டு. வேண்டுமானால் நான் வந்து பக்கத்தில் நின்று கண்ணைப் பொத்திவிடுகிறேன். உன் கண்ணைத்தான்.

மாத்திரை, நடை, வேகவைத்த பீன்ஸ் என்று என் பிழைப்பு ஒழுங்காகப் போகிறது. சர்க்கரை பாதியாக இறங்கியிருக்கிறது. உன் அண்ணி வீட்டில் இனிப்பு வாசனை வருகிற சோப்பைக்கூட மாற்றிவிட்டாள். அவள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். வயிற்றைப் பற்றிச் சொன்னதை எழுதவேண்டாம் என்றாள், அதற்குள் எழுதிவிட்டேன். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாக விளையாடி, உன்னைவிட நல்ல வழக்கங்களோடு நீடூழி வாழட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு என் ஆசிகள் எல்லாம், கால்விரலுக்குத் தனியாகக் கொஞ்சம்.

இப்படிக்கு,
உன் முகத்தையே கண்ணாடியில் தினமும் பார்த்துச் சவரம் செய்யும்
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டாக்டர் அம்மா கூப்பிட்டுவிட்டார். எச்சில் முடிவு வந்துவிட்டது. நாம் ஒரே முட்டை இல்லையாம். "நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல பிறந்த சாதாரண அண்ணன் தம்பி, அவ்வளவுதான்" என்றார். அவர் குரலில் புதையல் கைநழுவிப்போன வருத்தம் தெரிந்தது. ஆகவே ஒரே அச்சு, ஒரே புத்தகம், ஒரே வடம் என்று மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. வாத்தியார் என் காதைத் திருகியது நாம் ஒரே மாதிரி இருந்ததால் இல்லை, அவருக்குக் கண் தெரியாததால். இன்னொன்றும் சொன்னார். சர்க்கரைக்குச் சாதகமான எழுத்து மாற்றங்கள் என்னிடம்தான் நிறைய இருக்கின்றனவாம், உன்னிடம் என்னைவிடக் குறைவாம். கேக்கையும் தின்றுவிட்டு நல்ல வடத்தையும் நீயே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில், அப்பாடா, இவனாவது தப்பித்தான் என்று நிம்மதியாகவும் இருந்தது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன்.

அப்போது உன் மனைவி கூப்பிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். என் போனை வைத்த மறுநாளே நீ தனியாகப் போய் விரலை நீட்டிவிட்டு வந்திருக்கிறாய். உனக்கும் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை மாவு மூட்டைக்குப் பின்னால் போய் விழுங்குகிறாய். புண்ணுக்கு மருந்து கட்டும்போது இன்று காலை அவளிடம் உடைந்துபோய்ச் சொன்னாயாம். "அண்ணனுக்கு வந்தது தன்னாலதான்னு அவர் நம்பிக்கிட்டிருக்கார் அத்தான். நான் தின்ன கேக் அவன் ரத்தத்துல சேர்ந்துடுச்சு, எனக்கும் இருக்குன்னு எந்த முகத்தோட அவன்கிட்ட சொல்வேன்னு அழறார்" என்றாள்.

அடே முட்டாள். அது விளையாட்டுக்குச் சொன்னது. உன் கேக்கால் எனக்கு எதுவும் வரவில்லை, என் வடத்தால் உனக்கு எதுவும் வரவில்லை. எனக்குப் பாதி அப்பா கொடுத்தது, உனக்குப் பாதி நீயே ஏற்றிக்கொண்ட பாரம். மீதியைப் பற்றி டாக்டர் அம்மாவுக்கே தெரியாதாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன், தபால்காரருக்கு வேலை இல்லை. இந்த வியாதிக்காரர்கள் போடுகிற மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கிடைக்கிறது, திரும்பிப் போனதும் வாங்கி அனுப்புகிறேன். இதைப் படித்து முடித்ததும் உன் கால் அளவை மட்டும் சொல்லிவிடு. என் அளவுதான் உன் அளவு என்று இத்தனை நாள் கேட்காமலே இருந்துவிட்டேன்.